மண்ணெண்ணெய் மணத்த பிச்சி

போன மாதம் என் தம்பி மகன், தன்னுடைய பூந்தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று என்னைத் தோவாளைப் பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போனான். தோட்டம் என்று அவன்தான் சொல்கிறான். நான் பார்த்தது ஒரு கல்யாணப் பந்தல். மேலே வெள்ளை பிளாஸ்டிக் கூரை, சுற்றிலும் கொசுவலை போல ஒரு துணி. நுழைய ஒரு கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு கதவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்து, செருப்போடு அதில் மிதித்துவிட்டு வரச் சொன்னான். நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பூ பறிக்க இறங்குவோம். இங்கே செருப்புக்கே குளியல் நடக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே ஆளுயர விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மனிதர் யாரும் இல்லை, செடிகள்தான் வரிசையாக நின்றன.

"என்ன மக்கா, பூவுக்குப் புழுக்கமா?"

"ஆமா அத்தே. வெயில் ஏறிச்சுன்னா தாங்காது. வெசிறிக்கு ஒரு மோட்டார், தண்ணிக்கு ஒரு மோட்டார். எல்லாம் கரண்ட்டுதான்."

"கரண்ட்டு எங்கேயிருந்து வருது?"

அவன் வலைக்கு வெளியே கையைக் காட்டினான். ஆரல்வாய்மொழிக் கணவாய் முழுக்கக் காற்றாலைகள் நின்று சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் கொஞ்சநேரம் யோசித்தேன். வெளியே அடிக்கிற காற்றைப் பிடித்துக் கரண்ட்டாக்கி, அந்தக் கரண்ட்டால் விசிறியைச் சுற்றி, உள்ளே மறுபடியும் காற்றாக விடுகிறான். "அப்படின்னா அந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டாப் போதாதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். கேட்டது முட்டாள்தனமா, சரியான கேள்வியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அப்புறம் சிவப்பாகத் தட்டு மாதிரி ஒரு பூவை நறுக்கி என் கையில் கொடுத்தான். பெயரும் சொன்னான், என் வாயில் நிற்கவில்லை. பூ கைக்கு வந்ததும் மூக்கு தானாகக் குனிந்தது. குனிந்த வேகத்திலேயே முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன்.

"என்ன அத்தே, பூச்சியா?"

பூச்சி இல்லை. என் மாமனார் செத்துப்போய் எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு பயம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. பூந்தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் இது என்ன சட்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஊர்க் கோயிலில் சாயங்காலப் பூஜைக்குச் சாமிக்கு ஏறுகிற பிச்சிப்பூ மாலை எங்கள் வீட்டு மாலை. என் மாமனாரின் அப்பா காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படி. மாமா தன் கையாலேயே கட்டி, வாழையிலையில் வைத்து, தானே கொண்டுபோய்ப் போற்றியிடம் கொடுப்பார். போற்றி என்றால் கோயிலில் பூஜை செய்கிறவர். சாமிக்குப் போகிற பூவை மனிதர் முகர்ந்தால் அது எச்சில். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மாமா ஒரு படி மேலே போய், தோட்டத்தில் எந்தச் செடியின் பூ சாமிக்குப் போகும் என்று பறிக்கும்வரை தெரியாது, ஆகையால் ஒரு பூவையும் முகரக் கூடாது என்று வைத்திருந்தார்.

நான் தக்கலைக்காரி. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் பறித்து வைத்திருந்த கூடைக்குள் முகத்தை விட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். நிமிர்ந்தால் மாமா நிற்கிறார். ஏசவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்த் தென்னைமூட்டில் கொட்டிவிட்டு வந்தார்.

"மக்கா, மேக்கே உள்ளவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இனிமே பாத்துக்கோ."

"தோட்டத்துல நின்னா மணம் வரத்தானே மாமா செய்யும்? மூக்கைப் பொத்திக்கிட்டா பறிக்கணும்?"

"அது தானா வந்தா நம்ம குத்தம் இல்ல. நாம போயி மோந்தாத்தான் குத்தம்."

நல்ல தீர்ப்பு. ஆனாலும் வெகுநாள்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் நான் பிச்சி பறித்தேன். கூடப் பறிக்க வரும் பக்கத்து வீட்டுச் செல்லம்மை, "பிள்ளே, சாமிக்கு மாலை போடுகதுக்கு முன்னே ஒனக்கு மாலை போட வச்சிராத, மூச்சு விடு" என்று கேலி செய்வாள்.

இது நடந்தது முப்பதுகளில், திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் நாஞ்சில்நாட்டு வயல்களுக்கெல்லாம் ஓடினாலும் எங்கள் மேட்டுநிலத்துக்கு ஏறாது. கிணறுதான். கிணற்றில் கமலை. மயிலை, செவலை என்று இரண்டு காளைகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டு, இரும்புச் சால் நிறையத் தண்ணீரோடு மேலே வந்து கொட்டும். பின்னால் நடந்து ஏறினால் சால் மறுபடி உள்ளே போகும். விடியலில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதுதான் வேலை. என் வீட்டுக்காரர், இந்தப் பையனுக்கு மாமா, வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சரிவில் இறங்குவார். பெரிய ராஜா பவனி. அவர்மேல் அப்போது வைக்கோல் மணமும் மாட்டு மணமும் இருக்கும். போகிற போக்கில், வாசல் பக்கம் நின்ற ஒரு செடியிலிருந்து நாலு மொட்டைக் கிள்ளி, யாரும் பார்க்காதபோது என் தலையில் செருகிவிட்டுப் போவார். அந்தச் செடி மட்டும் வீட்டுப் பெண்களுக்கு என்று மாமா விட்டிருந்தார். அது சட்டத்தில் உள்ள ஓட்டை.

செவலைக்கு முன்னங்கால் முட்டி வீங்கியது. மருந்து வைத்தும் ஆறவில்லை. மயிலை தனியாக என்ன செய்யும்? அந்தச் சமயம் கோட்டாற்றில் ஆயில் என்ஜின் ஒன்று விலைக்கு நிற்கிறது என்று என் வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். காளைகளை விற்று, என்ஜினும் பம்பும் வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். மாட்டை விற்று வாங்கியதை மாடுதான் சுமந்துகொண்டு வந்தது. அந்த மாடுகள் என்ன நினைத்திருக்கும் என்று நான் ஒரு முழு நாள் யோசித்தேன்.

மாமா என்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார். முட்ட வருமோ என்ற மாதிரி சற்று விலகியே நடந்தார்.

"இது என்னலே திங்கும்?"

"மண்ணெண்ணெய் குடிக்கும்பா."

"வைக்கோல் திங்காதா?"

"திங்காது."

"அப்போ சாணி?"

என் வீட்டுக்காரர் அதை யோசித்திருக்கவில்லை. வீட்டில் யாருமே யோசித்திருக்கவில்லை. மாடு தின்றது வைக்கோல், போட்டது சாணி, சாணியைத் தின்றது பிச்சி. என்ஜின் வந்த பிறகு வைக்கோல் போர் அப்படியே நின்றது. அடுத்த தெருவிலிருந்து வண்டி வைத்துச் சாணி கொண்டுவந்தோம். என்ஜினும் ஒன்றும் போடாமல் இல்லை, புகை போட்டது. சாணியை எடுத்து உரக்குழியில் கொட்டலாம். புகையை எங்கே கொண்டு கொட்ட?

கோட்டாற்றிலிருந்து காசிம் மேஸ்திரி வந்து அதைப் பூட்டிக் கொடுத்தார். கமலைச் சரிவுக்குப் பக்கத்திலேயே ஓலைக்கொட்டகை போட்டு, அதில் என்ஜினை உட்கார வைத்தார்கள். ஒரு ஊதுவிளக்கால் அதன் தலையைப் பழுக்கச் சுட வேண்டும். அப்புறம் பெரிய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு தம் பிடித்துச் சுற்ற வேண்டும். டுக்கென்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் மூச்சை விடாமல் நிற்போம். நெடுநேரம் கழித்து இன்னொரு டுக். அப்புறம் டுக் டுக் டுக் என்று ஊரையே கூப்பிட்டுச் சொல்லும். குழாய் வழியாகத் தண்ணீர் வந்து விழுந்ததே பார்க்க வேண்டும்! செல்லம்மை வாயில் கையை வைத்துக்கொண்டு, "யம்மா, கெணத்தை அப்படியே கவுத்துட்டானே" என்றாள். கவிழ்த்தது நிஜம்தான். வெயில் ஏறுமுன் கிணற்றில் தரை தெரிந்தது. ஊற்று ஊறும்வரை என்ஜினும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். அமாவாசை வந்தது. அமாவாசையில் எங்கள் பக்கம் மாட்டைப் பூட்டுவதில்லை.

"இன்னைக்கு அதைப் பூட்டாண்டாம்லே."

"அது மாடாப்பா?"

"வேலை செய்யுதா இல்லியா? மூச்சு விடுதா இல்லியா? தண்ணி வச்சாத்தானே ஓடுது. கோவம் வந்தா ஓட மாட்டேங்குது. மாட்டுக்கு உள்ளது எல்லாம் அதுக்கும் உண்டு. கெடந்து ஆறட்டும்."

இதில் நானும் மாமா பக்கம்தான். அதன் தலைமேல் ஒரு தொட்டி உண்டு. அது சூடாகாமல் இருக்க அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓட ஓட அந்தத் தண்ணீர் கொதிக்கும். அடுப்பு இல்லாமல் கொதிக்கிற தண்ணீரை வீணாக விட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? நான் மரச்சீனிக் கிழங்கை ஒரு துணியில் கட்டி அதில் தொங்கவிட்டேன். நன்றாக வெந்தது. மண்ணெண்ணெய் மணத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி எல்லோரும் தின்றோம். கொஞ்சநாளில் வீட்டில் எல்லாமே மணத்தது. வேட்டி, சேலை, தலையணை, கதவு. கதவு எப்படி மணக்கும் என்று கேட்காதீர்கள். அவர் கையை வைத்துத் தள்ளிக்கொண்டுதானே உள்ளே வருவார். அப்புறம் ஒருநாள் மணம் நின்றுவிட்டது. நின்றதா, எங்கள் மூக்குப் பழகிவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அது ஆனி, ஆடி மாதக் காற்று நேரம். அந்தக் காற்றைக் கணவாய்ப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காயப்போட்ட துணி கணவாயைத் தாண்டிப் பாண்டி நாட்டுக்குப் போய்விடும். ஒரு சாயங்காலம் மாமா மாலையைக் கொண்டுபோனார். போன கையோடு அதே வாழையிலையோடு திரும்பி வந்தார். மாலை அதிலேயே இருந்தது.

முற்றத்தில் நின்றபடி சொன்னார்: "மண்ணெண்ணெய் மணக்குதாம்."

அந்த வீட்டில் மாலை திரும்பி வந்தது கிடையாது. சாவு நடந்தால்கூடத் தீட்டில்லாத மாமன் மச்சான் வீட்டிலிருந்து ஆள் வந்து கட்டிக் கொடுத்து அனுப்புவார்களாம். மாமா அன்று சோறு சாப்பிடவில்லை. மறுநாள் அவர் தானே கிணற்றுத் தண்ணீரில் முழுகி, ஈர வேட்டியோடு பறித்துக் கட்டிக் கொண்டுபோனார். அன்றும் திரும்பி வந்தது. கூடவே என் வீட்டுக்காரரும் போயிருந்தார். வந்து என்னிடம் நடந்ததைச் சொன்னார்.

"நான் கேட்டேன். சாமி, நீங்க மோந்து பாத்தியளோன்னு."

"போற்றிகிட்டயா கேட்டிய? என்ன சொன்னார்?"

"'நான் ஏன்டேய் மோக்கணும், அது தானால்லா வருது'ங்காரு."

மாமாவின் தீர்ப்பே திரும்பி வந்து நிற்கிறது. அதற்கு மேல் வழக்கு எப்படி நடத்துவது? போற்றி நல்ல மனிதர். ஆனால் பூஜைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "அண்ணாச்சி, இன்னும் மூணு நாள்ல ஆடி வெள்ளி. அன்னைக்கும் இப்படின்னா, சாமி கழுத்து வெறுசா இருக்கப்படாது. மேலத்தெருவுல சொல்லி மாலைக்கு ஏற்பாடு பண்ண வேண்டியது வரும்" என்று சொல்லிவிட்டார். மாலை ஒரு நாள் மேலத்தெருவுக்குப் போனால் போனதுதான். பிறகு எங்கள் வீட்டுக்கு வராது. மாமா மகனைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: "மாலை போச்சுன்னா, அந்த எளவு இந்த முற்றத்துல நிக்கக் கூடாது." என்ஜினைத் தூக்கிப் போட்டால் தண்ணீர் எது? மாட்டை விற்றாயிற்று. தோட்டம் வாடும். அப்பனும் மகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நடுவில் நான், இந்தப் பக்கம் கஞ்சி, அந்தப் பக்கம் சோறு என்று நடந்துகொண்டிருந்தேன்.

பூ மணக்கிறதா இல்லையா? இதுதான் கேள்வி. பதில் சொல்ல ஒரு மூக்கு போதும். ஆனால் எங்கள் வீட்டில் பூவை முகரக் கூடாதே! கேள்வி கையில் இருக்கிறது, மூக்கும் இருக்கிறது, இரண்டையும் சேர்க்க வழியில்லை. கடைசியில் எனக்கு வாசல் பக்கச் செடி நினைவுக்கு வந்தது. அதே என்ஜின் தண்ணீர்தான் அதற்கும் பாய்கிறது. அதன் பூவை நான் தலையில் வைத்துக்கொண்டால் யார் வேண்டுமானாலும் முகரலாம். மாமாவிடம் சொன்னேன். "அது பெண்ணுகளுக்கு உள்ளது, குத்தமில்ல" என்றார்.

அன்றைக்கு என் தலைக்கு வந்த மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தெருவில் உள்ள பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் பின்னந்தலையில் மூக்கை வைத்தார்கள். செல்லம்மை மண்ணெண்ணெய்தான் என்று அடித்துச் சொன்னாள். அவள் தங்கை, இது தேங்காயெண்ணெய் சிக்குப் பிடித்த மணம் என்றாள், எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒருத்தி பிச்சி மணம் தவிர ஒன்றும் இல்லை என்றாள். இன்னொருத்தி சாம்பிராணி என்றாள். காசிம் மேஸ்திரிக்கு ஒரு இலையில் நாலு பூ வைத்துக் கொடுத்தோம். அவர் கண்ணை மூடி முகர்ந்து, "எண்ணெ மணமே இல்லியே! நல்ல பூ!" என்றார். ஆனால் அவர் விரலே கறுப்பாக எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் மூக்கை நம்பலாமா?

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "இந்த ஊர்ல எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சவனுக்கு மணக்கத்தான் செய்யும். ஏட்டி, நீ ஒனக்க அம்மைகிட்ட போ. ஒண்ணும் சொல்லாத. தலையை மட்டும் காட்டு."

நல்ல யோசனை. நான் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய், அங்கிருந்து தக்கலைக்குப் பஸ் ஏறினேன். அம்மா வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"இது என்ன மக்களே மணக்கது? பெட்ரோலுக்க மணமா?"

"பூவுலயா அம்மா?"

"பூவுலயும் உண்டு, சேலையிலயும் உண்டு. பஸ்ஸுக்க மணமாக்கும்."

பஸ்ஸில் வந்தால் பஸ் மணக்கும் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அத்தனை புத்திசாலிகள். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தேன், ஆடி வெள்ளிக்கு முந்தின பொழுதும் அப்படிக் கழிந்தது. மணம் எங்கே என்று எனக்கு எத்தனையோ எண்ணம். தண்ணீரில் எண்ணெய் மிதந்து வேருக்குப் போகிறதா? கொட்டகை தோட்டத்துக்கு மேற்கே இருந்தது, மேல்காற்று புகையை அப்படியே மொட்டின்மேல் வாரிப் போடுகிறதா? பறிக்கிற கையிலா? கட்டுகிற நாரிலா? இல்லை, போற்றியின் மூக்கில்தானா?

ஆடி வெள்ளி காலையில் டுக் டுக் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். மாமா கமலைச் சரிவில் நின்றுகொண்டிருந்தார். பழைய வடத்தைச் சாலோடு கட்டி, நுனியைத் தோளில் போட்டிருந்தார். தோலில் உரசாமலிருக்கத் துண்டை மடித்து அண்டை கொடுத்திருந்தார். கொட்டகை வாசலில் ஊதுவிளக்கும் கையுமாக என் வீட்டுக்காரர் நின்றார்.

"அப்பா, வேண்டாம். நெஞ்சு வலிக்கும்."

"மாட்டைத்தானே வித்தே? என்னை விக்கலியே?"

மாமா இழுத்தார். வடம் விறைத்தது, கால் வழுக்கியது, சால் அசையவில்லை. என் வீட்டுக்காரர் ஊதுவிளக்கை அணைத்துக் கீழே வைத்தார். ஓடிப்போய்ச் சாம்பலும் மண்ணும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வந்து மறுபக்கம் நின்று வடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சரிவில் இறங்கினார்கள். நான் கிணற்று விளிம்பில் நின்று பாதி நிறைந்த சாலைப் பிடித்துக் கவிழ்த்தேன். பின்னால் நடந்து ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். மாமாவுக்கு வாய்ப்பழக்கம். சரிவின் அடியில் வந்ததும் தன்னை அறியாமல் நாக்கைச் சொடுக்கி, "ஹை செவலை, திரும்பு" என்றார். என் வீட்டுக்காரர் திரும்பினார். திரும்பிய பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மாமா முதலில் சிரித்தார். பேச்சு நின்ற பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, சால் கையை விட்டுப் போகப் பார்த்தது.

இரண்டு வரிசைச் செடிக்கு மட்டும் அப்படித் தண்ணீர் பாய்ச்சினோம். இப்போது யோசித்தால், அன்றைக்கு விட்ட தண்ணீர் அன்றைக்கே மொட்டுக்குப் போய்விடுமா? அன்று பறித்த மொட்டெல்லாம் என்ஜின் தண்ணீரில் வளர்ந்த மொட்டுதானே? ஆனால் அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை. மாமா பறிக்கக் குனிந்தார். கூடவே என் வீட்டுக்காரரும், சின்ன வயதிலிருந்து செய்கிற பழக்கத்தில், செடியைப் பிடித்துக் கையை நீட்டினார்.

"நீ தொடாண்டாம் மக்கா" என்றார் மாமா.

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மாமா ரொம்ப மெதுவாகச் சொன்னார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்.

சாயங்காலம் மாலையோடு மாமா முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். போற்றி மாலையை வாங்கினார், உள்ளே போனார். மணியடித்தது, தீபம் காட்டினார். மாலை சாமி கழுத்தில் இருந்தது. மாமா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. தீர்த்தம் கொடுக்க வந்தபோது மாமா கையை நீட்டி, வாங்காமல் கேட்டார்.

"சாமி, இன்னைக்கு மணம் எப்படி?"

மாமா நீட்டிய அந்தக் கையைப் போற்றி பார்த்தார். வடம் இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மூக்கை உறிஞ்சினார்.

"காலையிலேருந்து ஜலதோஷம் அண்ணாச்சி. ஒரு மணமும் தெரியல்ல. பிள்ளையளைக் கூட்டிக்கிட்டு நல்லபடியா போங்க."

அவருக்கு நிஜமாகவே ஜலதோஷமா? குரல் அடைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மந்திரம் சொன்னபோது அடைத்திருக்கவில்லையே என்று நான் வழியெல்லாம் யோசித்தேன். மாமாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. சாமி போற்றியின் மூக்கை அடைத்து வழக்கைத் தீர்த்துவிட்டார் என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். அதன் பிறகு மாலை திரும்பி வரவில்லை. போற்றி மணத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. மாமா கேட்கவும் இல்லை. என்ஜினும் வீட்டோடு தங்கியது, மாலையும் நிலைத்தது. பூ பறிக்கிறபோது என்ஜின் ஓடக் கூடாது, என்ஜினைத் தொட்ட கை பூவைத் தொடக் கூடாது என்று மாமா இரண்டு சட்டம் சேர்த்ததோடு சரி.

இரண்டாவது சட்டத்தை என் வீட்டுக்காரர் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொண்டார். சாமிப் பூவை மட்டுமா? வாசல் பக்கச் செடியையும் அவர் அதன் பிறகு தொடவில்லை. நான் தலையைச் சாய்த்துக்கொண்டு போய் நிற்பேன்.

"நீயே வச்சுக்கோட்டி. கை மணக்கும்."

"மணந்தா மணக்கட்டு. எனக்கு அந்த மணம் பிடிக்கும்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லுதே" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே பிடிக்கும். அவர் தெருமுனையில் வரும்போதே அந்த மணம் முன்னால் வந்து அவர் வருகிறார் என்று சொல்லும். எத்தனை தடவை சொல்லியும் நம்பாத மனிதரை என்ன செய்வது? மாமா போய்ச் சேர்ந்தார். கரண்ட்டுக் கம்பி எங்கள் மேட்டுக்கும் வந்தது. என்ஜினைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். மோட்டார் ஒரு பெட்டிக்குள் முனகிக்கொண்டு தண்ணீர் இறைத்தது, எதுவும் மணக்கவில்லை. "இப்பதான் கை சுத்தமாச்சே, பூவைப் பறிச்சா என்ன?" என்று கேட்டேன். "பழகிப்போச்சு" என்றார். பூந்தோட்டக்காரர், கடைசிவரை பூவைத் தொடவில்லை.

அவர் போன அன்று, அவருக்குப் போட வேண்டிய மாலையை வேறு யாரையும் கட்டவிடாமல் நானே பிச்சிப்பூ பறித்துக் கட்டினேன். கட்டி முடித்து, எல்லோரும் பார்க்க, மாலையை முகத்தில் வைத்து ஆழமாக முகர்ந்தேன். யாரோ "பாவம், தாங்க முடியாம செய்யுதா" என்றார்கள். நான் தேடினேன். பிச்சி மட்டும்தான் மணத்தது. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, கிணறும் மூடிவிட்டார்கள். கோயிலுக்கு மாலை சந்தையிலிருந்து வருகிறது. எந்தத் தண்ணீரில் விளைந்தது, யார் கை பறித்தது என்று கேட்பாரில்லை.

தம்பி மகன் கொடுத்த அந்தச் சிவப்புப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் நினைத்து நின்றிருக்கிறேன். அவன், "சும்மா மோந்து பாருங்க அத்தே, இது சாமிக்குப் போறதில்ல. ஓட்டலுக்குப் போறது" என்றான். மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. பூவில் மணம் இல்லையா, எண்பது வயது மூக்கில் பலம் இல்லையா? "இதுக்கு மணம் கெடையாது அத்தே" என்று அவன் சொன்ன பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மூலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய்க் குனிந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"என்ன தேடுதிய அத்தே?"

"ஒனக்க மாமாவைத்தான் மக்கா."

யாரோ உள்ளே வந்துவிட்ட மாதிரி, அவன் திரும்பி இரண்டு கதவுகளையும் பார்த்தான்.